சீனி வியாதியும் காற்புண்ணும்: எந்த இலை நல்லது?

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தது. இப்படி வீடுவாசல் இழந்து வெளியேறும்போது செருப்பு, குளிசை, கிளினிக் கொப்பி எல்லாம் தவறிப்போகின்றன. சீனி வியாதிக்காரருக்கு இது பேராபத்து. காலில் புண் வந்ததும், "எந்த இலையை அரைத்துப் போடலாம்?" என்றுதான் நம்மிடம் முதலில் கேட்கிறார்கள்.

புண் ஏன் ஆறுவதில்லை? இரத்தத்தில் நெடுநாள் சீனி கூடியிருந்தால் பாத நரம்புகள் மரத்துவிடும். கல் குத்தினாலும் அட்டை கடித்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறையும். நோகாததால் அதே காலை ஊன்றி நடக்கிறோம். புண் மேலும் நசுங்குகிறது.

1914இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் போல் பிராண்ட், 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயாளரின் பாதங்கள் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் சிதைகின்றன என்று அவர் கண்டார். சீனி வியாதிக் காலுக்கும் இது பொருந்தும். ஆகவே காலுக்கு ஓய்வே முதல் மருந்து.

தேனுக்குக் கிருமியை அடக்கும் தன்மை உண்டு. ஆனால் மருத்துவமனைகளில் பயன்படுத்துவது கிருமி நீக்கிய தேன். அதுவும் சீனி வியாதிப் புண்ணை ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கித்துள் பாணி தேன் அல்ல. அதைப் பூச வேண்டாம். பச்சைக் கற்றாழையும் அரைத்த இலையும் புண்ணுக்குள் அழுக்கைக் கொண்டு சேர்க்கலாம். மஞ்சள் பூசினால் புண்ணைச் சுற்றிய சிவப்பு மறைந்துவிடும். பப்பாசிப் பால் நல்ல சதையையும் அரிக்கும்.

நாம் செய்யக்கூடியவை:

1. கொதித்தாறிய நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள்.
2. அந்தக் காலை ஊன்றாதீர்கள்.
3. சிறு புண்ணானாலும் மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள். வீக்கம், நாற்றம், கறுப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.
4. குளிசையையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள். கொப்பி தொலைந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள்.
5. இரவுதோறும் பாதத்தைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மலைக்கு ஏறாதீர்கள்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினான். அதோடு விடவில்லை. அடிபட்டவனை நடக்கவிடாமல் தன் விலங்கின்மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான். நம் லயத்திலும் முகாமிலும் காற்புண்ணோடு இருப்பவருக்கு இன்று தேவைப்படுவதும் அதுவே: இலை தேடுபவர் அல்ல, ஆட்டோ பிடித்துக் கூட்டிச் செல்பவர்.