வீட்டுப் பட்டறை – 7: முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓர் உருண்டை

பழைய ஜீப்பை விலை பேச வருகிறவர்கள் முதலில் பானட்டைத்தான் திறப்பார்கள். ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைப் பார்ப்பார்கள். தரைத் தகட்டைத் தட்டி, துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சோதிப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் ஃபோர் வீல் லீவரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். ஆனால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு, இறங்கிக் குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்க்கிறவர் மிகக் குறைவு. அந்த இடத்தில் வழவழவென்று ஓர் இரும்பு உருண்டை தெரியும். அந்த வண்டியை இத்தனை நாள் வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை இன்ஜினைவிட அந்த உருண்டை தெளிவாகச் சொல்லிவிடும்.

கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன்பே முடித்துவிட்டோம். இந்த வாரம் முழுவதும் இந்த உருண்டைக்குத்தான்.

பின்சக்கரத்தில் இழுக்கும் வண்டிகளில் முன்சக்கரம் திரும்பினால் போதும். ஃபோர் வீல் ஜீப்பில் அது திரும்பவும் வேண்டும், இன்ஜினின் இழுவையை வாங்கிச் சுழலவும் வேண்டும். ஆக்சில் குழாய்க்குள் நேராக வருகிற ஷாஃப்ட், சக்கரம் ஒடியும்போது தானும் வளைந்துகொண்டே சுற்றியாக வேண்டும். அதற்கான ஜாயிண்ட் உருண்டைக்குள் இருக்கிறது. உருண்டை ஆக்சில் குழாயின் நுனியில் அசையாமல் நிற்கும். வெளியிலிருந்து அதைக் கவ்வியபடி திரும்புகிற கூடுதான் நக்கிள். கூட்டையும் உருண்டையையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே இரண்டு கிங் பின்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் ஆளுக்கொரு சின்ன டேப்பர் ரோலர் பேரிங். உள்ளே இருக்கும் கிரீஸ் வழியாமலும் வெளியே இருக்கும் சேறு நுழையாமலும் பார்த்துக்கொள்ள ஒரு ரப்பர், ஒரு ஃபெல்ட், அவற்றை அழுத்திப் பிடிக்க இரண்டு பாதியாக ஒரு தகட்டு வளையம். அவ்வளவுதான் அமைப்பு.

1941-இல் வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பிலேயே இந்த ஏற்பாடு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தார்கள். போர்க்களத்தில் பட்டறை கிடையாது என்பதால், கையில் இருக்கும் ஸ்பேனர்களால் திறந்து மூடும்படி எல்லாவற்றையும் அமைத்தார்கள். 1947-இல் மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது அந்த அமைப்பும் கூடவே வந்தது. சி.ஜே. 3பி-யில் இருந்தது, எண்பதுகளில் பெஜோ டீசல் இன்ஜினோடு வந்த எம்.எம். 540-இலும் தொடர்ந்தது. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் அளவு சிறியதே தவிர இதே உருண்டைதான். ஆகவே உங்கள் வீட்டில் நிற்பது இவற்றில் எதுவாக இருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும். அளவுகளுக்கு மட்டும் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு வாரமா என்று கேட்கலாம். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேல் தோட்டத்துக் கல் பாதை. அந்த வண்டிகளில் இன்ஜின் மக்கர் செய்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போகும், ஏனென்றால் வண்டி நின்றால் அன்றைய வாடகை போச்சு. முன் ஆக்சில் அப்படி இல்லை. கிங் பின் தேய்ந்தாலும் வண்டி ஓடும். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்ணே" என்று டிரைவர் தம்பிகள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஃபோர் வீல் இல்லாத ஜீப்பில் உருண்டை இருக்காது, ஆனால் கிங் பின் அங்கேயும் உண்டு. இறக்கத்தில், வளைவில், முழுப் பாரத்தோடு அந்தச் சக்கரத்தைப் பிடித்திருப்பது அது மட்டும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைக் கழுவிய மறுநாள் உருண்டையைப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் நல்லது. சீல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். உலர்ந்து செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்திருக்கிறது, அல்லது ஃபெல்ட் காய்ந்துவிட்டது. அடியில் ஒழுகிச் சொட்டினால், சொட்டுவதை விரலில் தொட்டுப் பாருங்கள். கருப்பாகக் கெட்டியாக இருந்தால் அது உருண்டைக்குள் இருக்க வேண்டிய கிரீஸ். வெளிச் சீல் போயிருக்கிறது. தண்ணீராக ஓடி, கந்தக வாடை தூக்கலாக அடித்தால் அது 90 கியர் ஆயில். நடுவில் கிரவுன் இருக்கும் ஹவுசிங்கிலிருந்து குழாய் வழியாக வந்திருக்கிறது. அப்போது குற்றவாளி அந்தக் குழாயை அடைத்திருக்க வேண்டிய உள்சீல். வெளிச் சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளிச் சீலையே மாற்றி மாற்றிக் காசு விடுகிறவர்கள் ஏராளம்.

அந்த 90 ஆயில் உருண்டையோடு நிற்பதும் இல்லை. ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்குப் போய், வீல் பேரிங்கில் வைத்த கிரீஸைக் கழுவிவிட்டு, ஹப் சீலையும் தாண்டி பிரேக் லைனரில் இறங்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று பிரேக்கையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். வேர் ஓர் அடி உள்ளே தள்ளி இருக்கும்.

உள்சீலை மாற்றுவதற்கு முன் ஒரு காசு செலவில்லாத வேலை. ஆக்சில் ஹவுசிங்கின் மேல் விரல் நுனி அளவில் பிரீதர் ஒன்று இருக்கும். ஹவுசிங் சூடாகும்போது உள்ளே பெருகும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அப்பி அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். இதைவிட மோசம், சூடான ஆக்சிலோடு ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது நடப்பது. உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, கிடைக்கிற இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வடித்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து மாட்டுங்கள். மழைக்காலம் முழுவதும் இதை மறக்காதீர்கள்.

இப்போது கிங் பின். பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கிலும் இருக்கலாம், கிங் பின்னிலும் இருக்கலாம். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிரம்மும் நக்கிளும் ஒன்றாகிவிடும், பேரிங் ஆட்டம் மறைந்துவிடும். அப்போதும் ஆடினால் கிங் பின்தான். இடமும் வலமுமாக ஆட்டும்போது வரும் ஆட்டம் டை ராட் எண்டுகளைச் சேர்ந்தது. அது வேறு கதை.

கழற்றுவது பயப்படும் வேலை இல்லை. சக்கரம், ஹப், டிரம், பேக் பிளேட், ஸ்பிண்டில் என்று வரிசையாக வெளியே வரும். பிரேக் ஹோஸை அவிழ்க்காமல் பேக் பிளேட்டைக் கம்பியால் ஸ்பிரிங் பட்டையில் கட்டித் தொங்கவிட முடிந்தால், பின்னால் பிரேக்குக்கு ஏர் எடுக்கும் வேலை மிச்சம். ஹப்பின் பெரிய நட்டுக்குப் பெட்டி ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் தட்டித் திருப்புவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பழைய ஜீப்புகளில் நட்டின் விளிம்பெல்லாம் காயமாக இருப்பது அதனால்தான். அப்படித் திருப்பினால் பேரிங் எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியவே தெரியாது. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் கிங் பின்னோடு தாள் போன்ற மெல்லிய ஷிம்கள் வரும். இஞ்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு கனத்தில்கூட உண்டு. மேலே இருந்தவை மேலே, கீழே இருந்தவை கீழே என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்து வையுங்கள். பிறகு பேரிங் கப்பை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். இந்த பேரிங் ஒருநாளும் முழுச்சுற்று சுற்றுவதில்லை. வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி, நேராகப் போகும் அந்த ஓரிடத்திலேயே நின்று அடிவாங்குகிறது. அதனால் ரோலர்கள் ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தில் கப்பில் ஒரு கோடு பதித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டும். ஓட்டும்போது ஸ்டியரிங் நேர்நிலையில் ஏதோ பள்ளத்தில் விழுந்து மாட்டுவது போலிருந்ததே, அது இந்த வரிகள்தான். வரி தட்டினால் கப்பும் கோனும் சேர்த்தே புதிது போடுங்கள். கோனை மட்டும் மாற்றுவது வீண்.

உருண்டையைப் பொடி எமரித் தாளில் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். துரு தின்ற குழிகள் இருந்தால் புதுச் சீலை நாலே நாளில் கிழித்துவிடும். இரும்புக்கான எப்பாக்ஸியைக் குழியில் அப்பி, இறுகியதும் உருண்டையோடு சமமாகத் தேய்த்துவிட்டால் பல வருடம் தாங்கும். ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்துவிட்டே மாட்டுங்கள். வெட்டு உள்ள ரப்பர் சீல் என்றால் வெட்டு மேல்பக்கம் வரட்டும்.

பேரிங்கின் இறுக்கம்தான் இந்த வேலையின் உயிர். ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். ஃபெல்ட்டும் ரப்பரும் மாட்டாமல், டை ராடையும் பிரித்துவிட்டு, பழைய இரும்புக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசை டை ராட் துளையில் மாட்டி இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தின் அளவை விட்டுவிடுங்கள். சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. அந்த அளவு உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். "கைக்குச் சரியா இருக்கு" என்பதை நான் ஏற்பதில்லை. இருபது வருட அனுபவமுள்ள கை வேண்டுமானால் சரியாகச் சொல்லும். வீட்டில் வேலை செய்கிற நமக்குத் தராசு வேண்டும், அது ஒன்றும் பெரிய செலவும் இல்லை.

உள்ளே என்ன ஊற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. வெறும் கிரீஸை அடைத்தால் சுழற்சியில் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும், ஜாயிண்ட்டின் ஊசி பேரிங்குகள் காய்ந்து கிடக்கும். வெறும் 90 ஆயில் என்றால் ஃபெல்ட்டில் நிற்காது. இரண்டையும் கலந்து கேப்பைக் கூழ் பதத்தில் ஊற்றுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் வண்டியில் நன்றாகவே ஓடுகிறது. கடையில் கிடைக்கும் 00 ரக கிரீஸும் ஏறக்குறைய அதே பதம். நக்கிளில் இருக்கும் சதுரத் தலை பிளக்கைத் திறந்து அந்த மட்டத்துக்கு நிரப்பினால் போதும்.

முன் ஹப்பில் லாக் ஹப் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு சொல். அதைத் திறந்தே வைத்து ஓட்டினால் ஷாஃப்ட் சுற்றாது, உள்ளே கூழ் கலங்காது, மேல் கிங் பின் பேரிங்குக்கு எதுவும் போய்ச் சேராது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஹப்பை லாக் செய்து கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஃபோர் வீல் லீவரைத் தொட வேண்டாம், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டால் கியர்களுக்குத்தான் கேடு. ஹப் மட்டும் லாக் ஆனாலே ஷாஃப்ட் சுற்றிக்கொள்ளும்.

மழையில் நனைந்து வந்து வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக முழுக்க ஒருமுறை திருப்பிவிட்டு, சக்கரங்களை நேராக வைத்து நிறுத்துங்கள். திருப்பும்போது ஃபெல்ட் உருண்டையில் இருக்கும் ஈரத்தைத் துடைத்துவிடும். சக்கரத்தை ஒடித்தபடியே வாரக்கணக்கில் நிறுத்தினால் வெளியே தெரியும் பாதி உருண்டை துருப்பிடிக்கும். பிறகு அந்தத் துருவின் மேல்தான் சீல் ஏறி இறங்கும்.

எல்லாம் பூட்டியபின் வீல் பேரிங் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, அது இறுகி நிற்கும் வரை முறுக்கி, ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். லாக் வாஷரின் காதை மடிக்க மறக்க வேண்டாம். முதல் ஓட்டம் ஆள் ஏற்றாமல், சமதரையில், மெதுவாக. திரும்பி வந்து ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கிங் பின் மூடியின் போல்ட்டுகளை ஒரு வாரம் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுக் கப் தன் இடத்தில் உட்காரும்போது அவை சற்றே தளர்ந்திருக்கும்.

அடுத்த வாரம் பிரேக். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதுவும் டிரைவரின் காலடித் தகட்டுக்குக் கீழே, எல்லாச் சேறும் தெறிக்கும் இடத்தில். அதைக் கழற்றி ரப்பர் மாற்றுவதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)