ஒரே பூட்டுக்கு நான்கு சாவியா? பாஸ்வேர்டுப் பட்டியலைச் சீர் செய்வோம்

பேரேட்டில் ஒரே ஆசாமிக்கு இரண்டு பக்கம் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பாக்கி ஒரு பக்கத்தில் நிற்கும். வரவு இன்னொரு பக்கத்தில் கிடக்கும். கொடுத்த பணத்தையே மறுபடி கேட்கப் போய் நல்ல வாடிக்கையாளரை இழப்போம். அதனால்தான் வருடக் கணக்கு முடிக்கும்போது இரட்டைப் பக்கங்களைத் தேடிப் பிடித்து ஒன்றாக்குகிறோம்.

அதே இரட்டைப் பதிவு இப்போது நம் கடைக் கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் வேறு உருவத்தில் வளர்ந்து நிற்கிறது. ஜி.எஸ்.டி., வருமான வரி, உணவுப் பாதுகாப்பு உரிமம், இ-வே பில், மின் கட்டணம், இரண்டு மூன்று வங்கிகள், கம்பெனிகளின் ஆர்டர் செயலிகள் என்று சாதாரண மளிகைக் கடைக்கே பத்துப் பதினைந்து பாஸ்வேர்டுகள் ஆகிவிட்டன. இவற்றை மனதில் வைக்க முடியாமல் பாஸ்வேர்டு மேனேஜரிடம் ஒப்படைத்திருக்கிறோம். குரோம் பிரவுசரில் "சேமிக்கவா?" என்று கேட்டதும் "சரி" என்று அழுத்துகிறோமே, அதுவும் ஒரு பாஸ்வேர்டு மேனேஜர்தான். பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இதற்கென்றே தனியாக உள்ளவை. ஆனால் ஒப்படைத்த பிறகு அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இருபதாம் தேதி இரவு

துறையூரில் உள்ள நம் கடையிலேயே நடந்ததைச் சொல்கிறோம். மாதாந்திர ஜி.எஸ்.டி.ஆர். 3பி ரிட்டர்னுக்கு மறு மாதம் 20ஆம் தேதி கடைசி நாள். கடை அடைத்து, கல்லா எண்ணி, ஒன்பதரை மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். யூசர் நேம் கட்டத்தைத் தொட்டதும் நான்கு பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவதைத் தொட்டோம், தவறு என்றது. இரண்டாவதும் தவறு. மூன்றாவதைத் தொடவே பயம் வந்துவிட்டது. புதிதாக பாஸ்வேர்டு வாங்கலாம் என்றால், ஓடிபி போகும் நம்பர் முன்பு கணக்குப் பார்த்தவருடையது. அவர் வெளியூர்ப் பயணத்தில் இருந்தார்.

ரிட்டர்ன் மறுநாள்தான் போனது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டி வேறு. தொகை சிறிதுதான். ஆனால் இதே சிக்கல், பெரம்பலூருக்கு எண்ணெய் டின் ஏற்றிய லாரி வாசலில் நிற்க, இ-வே பில் எடுக்க முடியாமல் வந்திருந்தால்? அன்றிரவு தூக்கம் வராமல் பட்டியலைத் திறந்து எண்ணினோம். பதினான்கு கணக்குகளுக்கு நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன!

இரட்டிப்பு எப்படி வருகிறது?

பாஸ்வேர்டு மேனேஜர் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதி வைக்கிறது: தளத்தின் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு. முகவரியோ யூசர் நேமோ மாறினால் அதைப் புதிய ஆசாமி என்று எண்ணிப் புதுப் பக்கம் போட்டுவிடும். பழைய பக்கத்தை அது தானாக அழிப்பதில்லை.

முகவரி மாறிய சந்தர்ப்பங்கள் கடந்த சில ஆண்டுகளில் ஏராளம். உணவு உரிமத்துக்கான பழைய தளம் போய், தமிழ்நாட்டில் 2020 ஜூன் 1 முதல் 'ஃபாஸ்காஸ்' வந்தது. வருமான வரித் துறையின் புதிய தளம் 2021 ஜூன் 7 அன்று வந்தது. வங்கிகளைக் கேட்கவே வேண்டாம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும் இணைந்தன. நம் பக்கத்துக் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, அதே வருடம் நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆக, ஒரே வங்கிக் கணக்குக்கு மூன்று முகவரியில் மூன்று பதிவுகள் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நம் கைப்பழக்கத்தால் வருபவையும் உண்டு. ஒரு நாள் இமெயிலைப் போட்டு நுழைவோம், இன்னொரு நாள் கைப்பேசி எண்ணைப் போட்டு நுழைவோம்; இரண்டு பதிவாகிவிடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பழைய பட்டியலை இரண்டு முறை ஏற்றினால் மொத்தமும் இரட்டிப்பாகும். மகன் ஒரு கைப்பேசியில் பாஸ்வேர்டை மாற்ற, அப்பாவின் கைப்பேசியில் பழையதே நிற்கும்.

இரட்டை போலத் தெரிவதெல்லாம் இரட்டை அல்ல

இங்கேதான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டு அழித்தால் நல்ல சரக்கும் குப்பையோடு போய்விடும்.

ஜி.எஸ்.டி. தளத்தின் லாகின் வேறு, இ-வே பில் தளத்தின் லாகின் வேறு. இரண்டிலும் நம் ஜி.எஸ்.டி. எண் ஒன்றே என்றாலும், யூசர் நேமும் பாஸ்வேர்டும் தனித்தனியாகப் பதிவு செய்து வாங்கியவை. பட்டியலில் இரண்டும் 'ஜி.எஸ்.டி.' என்ற பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஒன்றை இரட்டை என்று நினைத்து அழித்துவிடுவது சுலபம்.

அதுபோலவே, சில வங்கிகளில் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு ஒன்று, பணம் அனுப்பும் பாஸ்வேர்டு இன்னொன்று. கடையின் கரண்ட் அக்கவுண்டும் வீட்டு சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் அவையும் இரண்டு. அப்பாவின் பான் எண்ணும் மகனின் பான் எண்ணும் வருமான வரித் தளத்தில் இரண்டு கணக்குகள். இவையெல்லாம் இருக்க வேண்டியவை.

வாசலில் நிற்கும் காவல்காரன்

"இருந்துவிட்டுப் போகட்டுமே, இடத்தையா அடைக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். இடத்தை அடைக்கவில்லை, காவலைக் கெடுக்கிறது.

பாஸ்வேர்டு மேனேஜரின் பெரிய உபயோகம் நினைவில் வைப்பது மட்டுமல்ல. எந்த முகவரிக்குப் பதிவு இருக்கிறதோ அந்த முகவரியில் மட்டுமே அது தானாக நிரப்பும். "உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த இணைப்பைத் தொடவும்" என்று வரும் போலிச் செய்தியைத் தொட்டால், வங்கியின் தளம் போலவே ஒரு பக்கம் திறக்கும். நிறமும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும். நம் கண் ஏமாறும். ஆனால் முகவரி வேறு என்பதால் மேனேஜர் நிரப்பாது. அந்த மௌனமே நமக்கு எச்சரிக்கை.

பட்டியல் குப்பையாகக் கிடந்தால் இந்தக் காவல் வீணாகிறது. உண்மையான தளத்திலேயே பல முறை தவறான பாஸ்வேர்டு நிரம்புவதால் நமக்கு வெறுப்பு வந்துவிடுகிறது. "இது எப்போதும் இப்படித்தான்" என்று நோட்டைப் பார்த்துக் கையால் அடித்துப் பழகுகிறோம். அப்படிப் பழகிய கை, போலித் தளத்திலும் யோசிக்காமல் அடித்துவிடும். ஆகவே இந்தச் சுத்தம் அழகுக்காக அல்ல, கல்லாவுக்காக.

சீர் செய்யும் முறை

முதலில் ஒரு தாளில் கடையின் கணக்குகளை மட்டும் எழுதுங்கள், பாஸ்வேர்டு வேண்டாம். ஒவ்வொன்றின் எதிரிலும் ஓடிபி யாருடைய நம்பருக்குப் போகிறது என்பதையும் குறியுங்கள். இந்தத் தாள்தான் இருப்புப் பட்டியல். தாளில் பதினான்கு என்றால் மேனேஜரிலும் பதினான்குதான் மிஞ்ச வேண்டும்.

அடுத்து, ரிட்டர்ன் தேதி நெருங்காத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மேனேஜரில் உள்ள பதிவுகளைத் தளத்தின் பெயர் வாரியாகப் பாருங்கள். குரோமில் உள்ள 'பாஸ்வேர்டு செக்கப்' என்ற வசதி, வெளியே கசிந்தவை, பல இடத்தில் ஒன்றாகவே உள்ளவை, பலவீனமானவை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும். கீபாஸிலும் ஒரே பாஸ்வேர்டு உள்ள பதிவுகளைத் தேடித் தரும் வசதி உண்டு.

மூன்றாவதாக, ஒவ்வொரு பதிவையும் நுழைந்து பார்த்துச் சோதியுங்கள். முகவரியை நீங்களே அடித்துப் போக வேண்டும். செய்தியில் வந்த இணைப்பு வழியாகப் போகக் கூடாது. சேமித்த தேதியை மட்டும் பார்த்துப் புதியதுதான் சரி என்று முடிவு கட்டாதீர்கள். அவசரத்தில் தவறாக அடித்துச் சேமித்ததும் புதியதாகத்தான் இருக்கும். இரண்டு முறை தவறினால் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து தவறினால் பல வங்கிகள் கணக்கையே பூட்டிவிடும். ஓடிபி பெற்றுப் புதிய பாஸ்வேர்டு போட்டுக்கொள்வது நல்லது.

நான்காவதாக, திறந்த பதிவுக்கு அடையாளம் இடுங்கள். 'கடை கரண்ட் அக்கவுண்ட்', 'இ-வே பில் மட்டும்' என்று குறிப்பு எழுத இடம் இருக்கிறது. அதன் பிறகே மற்றவற்றை அழிக்க வேண்டும். பிட்வார்டனில் அழித்தவை 30 நாள் குப்பைக்கூடையில் இருக்கும், திரும்ப எடுக்கலாம். எல்லா மேனேஜரிலும் இதை நம்ப முடியாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. அழிக்கும் முன் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வைக்கச் சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாக, யாரும் படிக்கும்படி இருக்கும். அதைப் பில் போடும் கம்ப்யூட்டரில் விட்டு வைப்பது, கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். எடுத்தால் பென்டிரைவில் வைத்து இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து, அதன் குப்பைக்கூடையிலிருந்தும் சேர்த்து, அழித்துவிடுங்கள்.

பல பூட்டுக்கு ஒரே சாவி

இன்னொரு வகை இரட்டிப்பும் உண்டு. பதிவுகள் தனித்தனியாக இருக்கும். பாஸ்வேர்டு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கடைப் பெயரும் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் என்று பலர் வைத்திருக்கிறோம். ஏதோ ஒரு ஆர்டர் செயலியில் அது கசிந்தால் வங்கிக் கதவும் சேர்ந்து திறக்கும். இதில் முதலில் மாற்ற வேண்டியது இமெயில் பாஸ்வேர்டு. ஏனென்றால் மற்ற பல தளங்களின் 'மறந்துவிட்டேன்' கடிதம் அங்கேதான் வருகிறது. அடுத்தது வங்கி, பிறகு வரித் தளங்கள்.

ஓடிபி நம்பரையும் கவனியுங்கள். இ-வே பில் தளத்தில் பாஸ்வேர்டோடு ஓடிபியும் போட்டு நுழையும் முறை, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் என்று விதிக்கப்பட்டது. பதிவு செய்த நம்பர் வேலையை விட்டுப் போனவருடையது என்றால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் பயனில்லை. கணக்கு எழுதுபவர்மீது நம்பிக்கை இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. சாவிக் கொத்தை அவரிடம் கொடுக்கலாம். பூட்டு நம் பெயரில் இருக்க வேண்டும். கணக்காளர் மாறும் நாளில் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவது இருவருக்கும் நல்லது.

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு என்ற ஏற்பாட்டை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் கொண்டுவந்தவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. தன்னிடமும் நூற்றுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் சேர்ந்து, தாளில் குறித்து வைக்க வேண்டியிருந்ததாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஏற்படுத்தியவருக்கே அந்த நிலை என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை தடவை குழம்பினோம் என்பதைவிட, வருடத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து சரி பார்த்தோமா என்பதே கேள்வி.

நம் கடையில் நாற்பத்தொன்று பதினான்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் ஆயின. இப்போது கட்டத்தைத் தொட்டால் ஒரே பெயர் வருகிறது. வராவிட்டால் கை தானாக நின்று, முகவரியைக் கண் பார்க்கிறது. மார்ச் கடைசியில் இருப்பு எடுக்கும்போது இந்தப் பட்டியலையும் எடுப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டோம். வணிகப் பெருமக்களும் அவ்வாறே செய்வது நலம். அதையும் மீறிப் பணம் பறிபோனதாகத் தெரிந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் சொல்லுங்கள்.