வண்ணம் கெடாமல் ஒடுக்கு எடுத்தல்

பித்தளைக் குடம் கிணற்றடியில் விழுந்து நசுங்கிவிட்டால் நம் பாட்டிமார் அதை எறிந்துவிட மாட்டார்கள். ஒடுக்கெடுத்து ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்து வரும் நாள்வரை அதைத் திண்ணையோரம் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அவர் வந்து, வளைந்த இரும்புக் கம்பியொன்றைக் குடத்தின் வாய்வழியே செலுத்தி, உள்ளிருந்து மெல்ல நெம்பி, வெளியிலிருந்து மரச்சுத்தியால் தட்டிக் கொடுத்து, குடத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவார். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடை வீதிகளில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் நிறைந்த பின்னர் அத்தொழில் பெரிதும் அருகிவிட்டது. ஆனால் ஒடுக்கு விழுவது நிற்கவில்லை. குடத்தில் விழுந்தது இப்பொழுது காரில் விழுகிறது.

காவிரிக் கரையை ஒட்டிய நமது ஒன்றியத்துச் சிற்றூர்களில் இன்று வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் இளைஞர் பலர் உள்ளனர். ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் செல்லும் யாத்திரிகர்களும், முகூர்த்த நாட்களின் திருமண வீட்டாருமே அவர்களுடைய வருவாய். அத்தகைய இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் நம் அலுவலகத்திற்கு வந்து, கடன் பெற வழி கேட்டார். தோப்பில் நிறுத்தியிருந்த அவருடைய கார்மீது தேங்காய் விழுந்து கதவிலும் கூரையிலும் ஒடுக்கு ஏற்பட்டிருந்தது. பட்டறையில், பழைய வண்ணத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, புது வண்ணம் அடிக்க வேண்டும், ஐந்து நாட்கள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். முகூர்த்த மாதத்தில் ஐந்து நாட்கள் கார் நின்றால் அந்த மாதத் தவணையை எங்கிருந்து கட்டுவது? அவருக்குக் கடன் வழியைக் காட்டுவதற்கு முன்னர், வண்ணம் அடிக்காமலே ஒடுக்கெடுக்கும் முறையொன்று உண்டு என்று நாம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அம்முறை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இங்கே சற்று விரிவாகக் கூறுவோம்.

தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்துச் சிறிதளவு வளைத்து விடுங்கள். அது தானே நிமிர்ந்துகொள்ளும். மிகுதியாக வளைத்தால் மடிந்த இடம் மடிந்தபடியே நின்றுவிடும். எஃகுத் தகட்டின் இயல்பும் இதுவே. காரின் வெளித்தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. அதில் ஒடுக்கு விழும்போது, பார்வைக்குப் பள்ளம் முழுவதும் கெட்டுவிட்டதுபோல் தோன்றினாலும், உண்மையில் நிலையாக மடிவது நடுவிலுள்ள சிறு பகுதியும் சுற்றிலும் புடைத்து எழும் விளிம்புமேயாகும். மற்றப் பகுதி நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கிறது. மடிந்த பகுதி அதனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. இந்தப் பிடியைத் தளர்த்தினால் தகடே பாதி வேலையைச் செய்துவிடும்.

வண்ணமும் அவ்வாறே சிறிது வளைந்து கொடுக்கும். தொழிற்சாலையில் பூசப்படும் பூச்சுகள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் வரையிலான கனமே உடையவை. இரண்டு தலைமயிர்களை அடுக்கினாற்போல என்று கொள்ளலாம். அடியிலுள்ள துருத்தடுப்புப் பூச்சு 150 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் உலையிலிட்டு இறுக்கப்படுகிறது. பட்டறையில் இருக்கையும் கண்ணாடியும் பூட்டிய காரை அவ்வளவு சூடாக்க இயலாது. ஆகவே தொழிற்சாலைப் பூச்சைச் சுரண்டுவது, திரும்பப் பெற முடியாத ஒன்றை இழப்பதாகும்.

இனி வேலை முறை. கதவின் உள்தட்டியைக் கழற்றியோ, கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவோ, முனை மழுங்கிய நீண்ட எஃகுக் கம்பியை உள்ளே செலுத்துவர். எதிரே, கோடுகள் வரைந்த பலகையையோ வரிவரியான விளக்கையோ நிறுத்துவர். பளபளக்கும் வண்ணத்தில் அக்கோடுகள் பிரதிபலிக்கும். ஒடுக்குள்ள இடத்தில் அவை நெளிந்து காணப்படும். தொழிலாளியின் கண் தகட்டை நோக்குவதில்லை, இந்தக் கோடுகளையே நோக்கும். கம்பியின் முனை எங்கே தொடுகிறது என்பதையும் அவையே காட்டிக் கொடுக்கின்றன. ஒடுக்கின் ஓரத்தில் தொடங்கி, ஊசி முனையளவு சிறு சிறு அழுத்தங்களாக, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவர். புடைத்த விளிம்பை நைலான் முனையுள்ள உளி கொண்டு வெளியிலிருந்து மெல்லத் தட்டி இறக்குவர். நடுவில் ஒரே அழுத்தாக அழுத்துகிறவர் தகட்டை நீட்டிவிடுவார். பிறகு பள்ளம் போய் மேடு வந்து நிற்கும். ஆத்திரக்காரருக்கு ஏற்ற தொழில் அன்று இது.

பின்புறம் கை எட்டாத இடங்களில், சூட்டில் உருகும் பசையால் சிறு பிளாஸ்டிக் குமிழை வெளியே ஒட்டி இழுப்பர். நம் திருச்சி வெயில் இதற்கு உதவாது. சுட்டெரிக்கும் தகட்டில் பசை நிற்காது, நிழல் வேண்டும். ஆனால் கம்பியால் நெம்பும்போது தகடு இளஞ்சூடாக இருப்பது நன்று. குளிர்ந்த வண்ணம் வெடிக்கக்கூடும். கொதிநீரை ஊற்றினால் ஒடுக்கு தானே எழும்பும் என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். முன்னும் பின்னுமுள்ள பிளாஸ்டிக் பம்பருக்கு அது ஓரளவு பொருந்தும். எஃகுக் கதவுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. வண்ணம் வெடித்திருந்தால் பயனில்லை. விரிசல் வழியே நீர் புகுந்து துரு ஏறும், வண்ணம் அடித்தே ஆக வேண்டும். முன்பே பட்டி பார்த்த இடத்தை நெம்பினால் பட்டி உதிர்ந்துவிடும். கூர்மையாக மடிந்த கோடு, கதவின் ஓர மடிப்பு ஆகியவை கடினம். அலுமினியத் தகடு எஃகைப்போல எளிதில் திரும்பாது. மேற்சொன்ன இளைஞரின் கதவு ஒரு பிற்பகலில் சரியாயிற்று. கூரையில் வண்ணம் பிளந்திருந்தமையால் அதற்குத் தூரிகையால் துருத்தடுப்புப் பூச்சிட்டு, முகூர்த்த மாதம் கழிந்தபின் பட்டறையில் விட்டார். முழுச் செலவும் மிச்சமாயிற்று என்று நாம் சொல்லவில்லை; ஐந்து நாட்கள் மிச்சமாயின. கடன் மனுவை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தகட்டு வேலை இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. பொன்மலை ரயில்வே பட்டறை 1920-களிலும், திருவெறும்பூரை அடுத்த கொதிகலன் தொழிற்சாலை 1960-களிலும் தோன்றி, எத்தனையோ குடும்பங்களுக்கு உலோகத்தைப் பழக்கின. வண்ணம் தெளிக்கும் அறையோ பெரிய இயந்திரமோ வேண்டாத இத்தொழிலைச் சிற்றூர் இளைஞர் மேற்கொள்ளலாம். உடல்நலம் கருதியும் இது விரும்பத்தக்கது: கடினமூட்டி கலந்து தெளிக்கும் வண்ணங்களில் ஐசோசயனேட்டு என்னும் பொருள் உண்டு, தக்க முகக்கவசமின்றி அதைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா வரக்கூடும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வண்ணம் தெளிக்கும் சிறுவர்களை நாம் எத்தனை பட்டறைகளில் கண்டிருக்கிறோம்!

எனினும் ஓர் எச்சரிக்கை. கம்பித் தொகுதி வாங்கக் கடன் கேட்டு மாவட்டத் தொழில் மையத்தின் படியேறுமுன் கை பழக வேண்டும். நான்கைந்து கம்பிகளை வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கடையில் கழித்துப்போட்ட கார்க் கதவுகளை எடைக்கு வாங்கி, தாமே ஒடுக்கு உண்டாக்கி, தாமே எடுத்துப் பல மாதங்கள் பழகுவதே வழி. பிறர் காரில் பழகுவது முறையன்று. நமது ஒன்றியத்தில், பாத்திரங்களுக்கு ஒடுக்கெடுத்து வந்த பெரியவர் ஒருவரின் பேரன் அவ்வாறு வீட்டுக் கொல்லையில் பழகி வருகிறான். முதல் இரண்டு கதவுகளும் மேடு பள்ளமாகவே போயின. மூன்றாவதை நாம் பார்க்கச் சென்றபோது, திண்ணையில் இருந்த பெரியவர், கோட்டுப் பலகையைக்கூட நோக்காமல், தகட்டின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிவிட்டு, "ஓரம் இன்னும் இறங்கலையேப்பா" என்றார். பேரன் விளக்கைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். கோடு அந்த இடத்தில் நெளிந்துதான் இருந்தது.