பம்பை நிறுத்தினால் என்ன ஆகும்?

சுரங்கம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது தோண்டுவதுதான். ஆனால் அங்கே ராத்திரி பகலாக நடக்கிற இன்னொரு வேலை இருக்கு: தண்ணீரை வெளியேற்றுவது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், பாறை இடுக்குகளில் இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதனால் சுரங்கம் நடக்கிற வரைக்கும் பம்பும் ஓடணும்.

சரி, ஒரு நாள் தாது கட்டுப்படி ஆகலை, கம்பெனி சுரங்கத்தை மூடிட்டுப் போகுது. அப்புறம் பம்பை யார் ஓட்டுவாங்க?

இதுக்குப் பதில் தெரியணும்னா அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் பியூட் நகரத்தைப் பார்க்கணும். அது செம்பால் வளர்ந்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்தே ஊருக்கு அடியில் சுரங்கம் தோண்டினாங்க. 1955இல் 'பெர்க்லி பிட்' என்ற திறந்தவெளிச் சுரங்கமும் வந்தது. 1982 ஏப்ரல் 22, கெல்லி சுரங்கத்தில் 3,900 அடி மட்டத்தில் இருந்த பம்புகளை நிறுத்திட்டாங்க. அன்றைக்கு உலக பூமி தினம் என்பது தற்செயல்தான். கீழே இருந்த சுரங்கப்பாதைகள் ஒவ்வொன்றாக நிரம்பி, அடுத்த வருஷமே குழியின் அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. இன்றைக்கு அந்தக் குழி ஒரு ஏரி.

வெறும் தண்ணீர்தானே, நிரம்பினால் என்ன? இங்கேதான் கெமிஸ்ட்ரி உள்ளே வருது.

செம்புத் தாதுவோடு பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடும் சேர்ந்து இருக்கும். பூமிக்குள் காற்று படாமல் இருக்கிற வரைக்கும் அது சாது. பம்ப் போட்டு நீர்மட்டத்தை இறக்கினதும் ஆக்சிஜன் உள்ளே போகுது. பைரைட், ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் சல்ஃப்யூரிக் அமிலமும் கரைந்த இரும்பும் கிடைக்கும். சில பாக்டீரியாக்கள் இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். அந்த அமிலம் பாறையில் இருக்கிற செம்பு, துத்தநாகம், கேட்மியம், ஆர்சனிக் எல்லாத்தையும் கரைக்கும். இதில் ஒரு பகுதி சுரங்கச் சுவர்களில் உப்பாகப் படிந்து காத்துக்கிட்டு இருக்கும். பம்ப் நின்று தண்ணீர் ஏறும்போது, பல வருஷமாகச் சேர்ந்த அத்தனை உப்பும் ஒரே தடவையில் கரையுது. பெர்க்லி குழித் தண்ணீரின் பிஹெச் பல வருஷம் 2.5 அளவில் இருந்தது. கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு மாதிரி. 1995இல் அந்த ஏரியில் இறங்கிய பனி வாத்துகளில் 342 செத்துப்போச்சு.

இதில் ஒரு முரண் இருக்கு. முழுசா மூழ்கிய பாறையில் புதுசா அமிலம் உருவாவது ரொம்பக் குறைஞ்சுடும், ஏன்னா தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கொஞ்சம்தான். அதனால் சுரங்கம் மூழ்குவது மட்டுமே ஆபத்து இல்லை. மூழ்கின தண்ணீர் எங்கே போகுது என்பதுதான் ஆபத்து.

அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்னு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் இருந்த வீல் ஜேன் தகரச் சுரங்கம் காட்டியது. 1991இல் மூடி, பம்பை நிறுத்தினாங்க. நீர்மட்டம் ஏறிக்கிட்டே வந்தது. 1992 ஜனவரியில், மலைச்சரிவில் வெளியே திறக்கும் ஒரு பழைய சுரங்கப்பாதையின் அடைப்பு உடைந்தது. சுமார் 5 கோடி லிட்டர் அசுத்த நீர் கீழே ஃபால் கழிமுகத்தில் கலந்தது, தண்ணீர் ஆரஞ்சு நிறமாக மாறியது.

பியூட்டில் அந்த நிலைமை வராமல் இருக்க ஒரு எளிமையான ஐடியாவைப் பிடிச்சாங்க. கிணற்றில் மோட்டார் ஓடினால் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதை நீங்க பார்த்திருப்பீங்க. தண்ணீர் எப்பவும் ஹெட் அதிகமான இடத்தில் இருந்து குறைவான இடத்துக்குத்தான் போகும். அப்போ, குழியின் நீர்மட்டம் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிற வரைக்கும் எல்லாத் தண்ணீரும் குழியை நோக்கித்தான் வரும். குழியில் இருந்து எதுவும் வெளியே போகாது. விஷத்தை அடைச்சு வைக்க காங்கிரீட் சுவர் தேவையில்லை, நீர்மட்ட வித்தியாசமே சுவர்.

அந்தச் சுவர் எந்த உயரம் வரைக்கும் தாங்கும்? 1994இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கோடு போட்டது: கடல்மட்டத்தில் இருந்து 5,410 அடி. தண்ணீர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டி ஏறிக்கிட்டே போனால், பள்ளத்தாக்கின் மணல், சரளை அடுக்கில் உள்ள நிலத்தடி நீருக்கும், அதன் வழியா சில்வர் போ ஓடைக்கும் அமில நீர் போகும்.

அந்தக் கோட்டைக் காப்பாற்ற மூன்று வேலை நடக்குது. ஒன்று, அளப்பது: குழியில் மட்டும் இல்லாமல், சுற்றியுள்ள பழைய சுரங்கக் குழிகளிலும் ஆய்வுக் கிணறுகளிலும் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறாங்க. இரண்டு, வரவைக் குறைப்பது: மேலே இருந்து குழிக்குள் ஓடிக்கிட்டு இருந்த அசுத்த நீரைத் திருப்பிவிட்டு, 2003இல் கட்டிய நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்துச் சுத்தம் செய்றாங்க. சுண்ணாம்பு பிஹெச்சை ஏற்றினால் உலோகங்கள் சேறாகக் கீழே படியும். மூன்று, இறைப்பது: எல்லைக் கோட்டைத் தொடும் வரை காத்திருக்காமல், 2019இலேயே குழியில் இருந்து தண்ணீரை எடுத்து, சுத்தம் செய்து ஓடையில் விட ஆரம்பிச்சாங்க.

பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. கட்டுப்பாட்டில் இருக்கு, அவ்வளவுதான். குழித் தண்ணீர் இன்னும் அசுத்தமாகவே இருக்கு. சுத்தம் செய்யும்போது வரும் சேற்றையும் எங்கேயாவது கொட்டியாகணும். முக்கியமாக, இந்த ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி கிடையாது. சுரங்கத்துக்காக ஓடிய பம்ப் 1982இல் நின்றது. ஊருக்காக ஓடும் பம்பை நிறுத்தவே முடியாது. கரன்ட், சுண்ணாம்பு, ஆள் சம்பளம் எல்லாத்தையும் அந்தச் செம்பில் ஒரு கிராம்கூடப் பார்க்காத தலைமுறைகளுக்கும் சேர்த்து இப்பவே திட்டம் போடணும்.

நம்மில் சில பேர் நாளைக்கு மைனிங், சிவில், என்விரான்மென்டல்னு ஏதாவது ஒரு டிசைன் டேபிளில் உட்காரப் போறோம். டிசைன் லைஃப் 30 வருஷம்னு ரிப்போர்ட்டில் எழுதும்போது, 31ஆவது வருஷம் பம்ப் நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்பதற்கும் ஒரு வரைபடம் போடுங்க. எந்த மட்டத்தில் நிறுத்தணும், யார் அளக்கணும், யார் பணம் கட்டணும் என்ற மூன்றையும் அதிலேயே குறிச்சு வைங்க.