பார்த்து ஆடுவதும் யோசித்து ஆடுவதும்



பாடசாலை விட்டு வந்ததும் பிள்ளை கைபேசியோடு மூலையில் உட்கார்ந்துவிடுவது இன்று நகரத்து வீடுகளுக்கு மட்டும் உரிய காட்சி அல்ல. ஊர்காவற்றுறையில் படகேறிப் போய்ச் சேர வேண்டிய எழுவைதீவு போன்ற சிறு தீவுகள் வரை கைபேசி போய்விட்டது. ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி’ என்ற பெயர்கள் நமக்குப் புதிதாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம்.

இந்த விளையாட்டுகள் நல்லவையா, கெட்டவையா என்ற விவாதம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதைச் சற்று ஒதுக்கிவைத்து, பலரும் கவனிக்காத ஒன்றைப் பார்ப்போம். பிள்ளை விளையாடுவதற்கு முன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவருடைய காணொளியைத் திறக்கிறான். அவர் எந்தத் துப்பாக்கியை எடுக்கிறார், எந்த இடத்தில் இறங்குகிறார், விரல் தடவும் வேகத்துக்கு எந்த எண்ணை வைத்திருக்கிறார் என்று பார்த்து அப்படியே தன் கைபேசியிலும் வைக்கிறான். பிறகு தோற்றுப் போகிறான். ‘அவருக்குச் சரியாக வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை?’ என்று எரிச்சல் படுகிறான்.

ஏன் வரவில்லை? அவருடைய கைபேசி வேறு, இவனுடையது வேறு. அவர் விரல் வேறு, இவன் விரல் வேறு. அந்த எண்ணை அவர் பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்துத் தனக்கென்று கண்டுபிடித்தார். இவன் விடையை மட்டும் எடுத்துக்கொண்டான், கணக்கைச் செய்யவில்லை.

எதிராளிக்கும் கண் உண்டு

சமையலில் மாமியின் கைப்பக்குவத்தைப் பார்த்துச் செய்தால் கறி ருசியாகவே வரும். தையலில் அளவுச் சட்டையை வைத்து வெட்டினால் சட்டை சரியாகவே வரும். துணியும் கறியும் நம்மோடு போட்டிக்கு வருவதில்லை. போட்டி விளையாட்டு அப்படியல்ல. அங்கே எதிரே ஒருவர் இருக்கிறார். நாம் பார்த்த காணொளியை அவரும் பார்த்திருப்பார்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். குறுக்குக் கோடுகளில் காவல் நிற்பவர்கள் ஒரு பக்கம், நடுக்கோட்டில் ஓடித் திரியும் ‘கிளி’ ஒரு பக்கம். இவர்கள் கையில் அடிபடாமல் கோடுகளைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். கெட்டிக்காரனான அண்ணன் இடப்பக்கம் பாய்ந்து தப்பினான் என்று தம்பியும் எப்போதும் இடப்பக்கமே பாய்ந்தால் என்ன ஆகும்? மூன்றாம் முறை கிளி அங்கே வந்து காத்து நிற்கும். போட்டியின் இரகசியம் இதுதான். எல்லோருக்கும் தெரிந்த வழி நல்ல வழியாக இருந்தாலும், அதில் காவல் போட்டாயிற்று.

(மார்க்கச் சட்டங்களில் இமாம்களைப் பின்பற்றுவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு வாசல். அங்கே நம்மை வீழ்த்தக் காத்திருக்கும் எதிராளி இல்லை.)

பக்தாதின் ஆட்டக்காரர்

இந்த உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர்கள் பக்தாதில் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு நாட்டுக்குப் போன சதுரங்கம் அங்கே ‘ஷத்ரன்ஜ்’ ஆயிற்று. அந்தக் காலத்து ஆட்டம் மெதுவானது. அதனால் தொடக்கத்தில் காய்களை எப்படி நிறுத்துவது என்று ஆயத்த வரிசைகளை வகுத்து, அவற்றை மனனம் செய்து வைத்திருந்தார்கள். இதற்கு ‘தஃபியா’ என்று பெயர். போருக்கு அணிவகுத்தல் என்பது பொருள். இன்றைய உலகச் சதுரங்க வீரர்களும் ‘தபியா’ என்று இதே சொல்லைச் சொல்லுகிறார்கள்.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அல் அத்லீ என்பவர் இந்த ஆட்டத்தைப் பற்றி நூல் எழுதிப் புகழ் பெற்றிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் அபூபக்ர் அஸ்ஸூலீ. கலீஃபா முக்தஃபீ (கி.பி. 902 - 908) முன்னிலையில், அரண்மனையின் அபிமான ஆட்டக்காரரான அல் மாவர்தீயை வென்றவர். முன்னோர் எழுதியது என்பதற்காக இவர் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அல் அத்லீயின் கருத்துகளை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்துத் தவறுகளை எடுத்துக்காட்டினார். அவர் விட்டுச் சென்ற ஒரு புதிருக்கு, நான் கற்றுக்கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் விடை தெரியாது என்று எழுதிவைத்தார். சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து 1980களில்தான் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார். ஒன்றைக் கவனியுங்கள்: அஸ்ஸூலீ முன்னோரைப் படிக்காமல் ஒதுக்கவில்லை. படித்தார், பிறகு சோதித்தார்.

புத்தகம் படிக்காத சுல்தான் கான்

பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் நாட்டுமுறைச் சதுரங்கம் ஆடி வளர்ந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற செல்வந்தரின் ஆதரவில் 1929இல் லண்டன் போனார். ஐரோப்பிய விதிகள் அவருக்குப் புதியவை. தொடக்க ஆட்டங்களைப் பற்றிய பெரும் நூல்களை அவர் கற்றிருக்கவில்லை. ஆனாலும் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரித்தானியச் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார்.

அவருடைய குறையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் பின்தங்குவதுண்டு. நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் தன் சொந்த அறிவால் மீண்டு வருவார். முன்னோர் கற்றதை அறியாவிட்டால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பது இதில் தெரிகிறது. 1966இல் அவர் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை 2024இல்தான் அவருக்கு வழங்கியது.

சொந்த வழியும் பழசாகும்

நம் நாட்டு அஜந்த மெண்டிஸை மறக்க முடியுமா? கரம் பலகையில் காயைச் சுண்டுவதுபோல நடுவிரலால் பந்தைச் சுண்டி வீசினார். 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கராச்சியில், 13 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து இந்தியாவின் 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே ஆண்டு தம் முதல் டெஸ்ட் தொடரிலேயே மூன்று ஆட்டங்களில் 26 விக்கெட்டுகள்!

பிறகு என்ன நடந்தது? துடுப்பாட்டக்காரர்கள் அவருடைய விரலை ஒளிப்பதிவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். புதிர் மெல்ல மெல்ல அவிழ்ந்தது. இடையிடையே பெரிய வெற்றிகள் கிடைத்தாலும், ஆரம்பத்தில் இருந்த அச்சம் எதிரணிகளிடம் இருக்கவில்லை. ஆகவே சொந்தமாக ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அது தேயும் முன்பே அடுத்ததைத் தேட வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனானார். சிறு வயதில் அவருக்குப் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, நீண்ட காலம் அவரைக் கணினியின் உதவி இல்லாமலே ஆட்டங்களை ஆராயச் செய்தார். மற்றப் பிள்ளைகள் கணினி காட்டும் நகர்த்தலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இவர் தானே யோசித்துத் தானே தவறிப் பழகினார். பிற்காலத்தில் கணினியும் அவருக்கு உதவியது. ஆனால் முதலில் வந்தது மூளை, கணினி பிறகுதான்.

தாய்மார் என்ன செய்யலாம்?

பிள்ளை தோற்று வரும்போது, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடுவதைப் பார்த்துப் படி’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்தான் அவனைப் பிரதி எடுக்கத் தூண்டுகிறது. ‘நீ ஏன் அப்படி ஆடினாய்?’ என்று கேளுங்கள். ‘அவர் அப்படி ஆடினார்’ என்பது பதிலாக வந்தால், அவன் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்று பொருள். ‘இப்படி வரும் என்று நினைத்தேன், வரவில்லை’ என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். அந்தத் தோல்வியில் ஒரு பாடம் இருக்கிறது.

புதிய வழியைப் பயிற்சியில் சோதிக்கட்டும்; போட்டி நாளில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வைக்கட்டும்: எதை மாற்றினேன், என்ன நடந்தது. பத்து முறை தோற்றாலும் அந்தக் கொப்பி அவனுக்குச் சொந்தமான ஆசிரியர். பயிற்சியாளர் தேடிவராத சிறு தீவில் வளரும் பிள்ளைக்கும் இது முடியும். ஒரு பென்சில் போதும்.

எல்லை உண்டு

சதுரங்கத்தைப் பற்றி எழுதியதால் எல்லா வீட்டிலும் பலகை வாங்கி வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஷாபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாவிட்டாலும் அது மக்ரூஹ். மற்ற மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலோர் இன்னும் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள். எந்த விளையாட்டானாலும் பணம் கட்டி ஆடினால் சூது. தொழுகை தவறினால் நஷ்டம். கைபேசி விளையாட்டில் ‘டயமண்ட்’ வாங்குகிறேன் என்று வாப்பாவின் உழைப்பைக் கரைப்பதும் அப்படித்தான். விலைக்கு வாங்கும் ஆயுதத்தில் பிள்ளையின் சொந்த யோசனை ஏது?

ஆட்டம் இன்று இருக்கும், நாளை மறந்துபோகும். ஆனால் தானே யோசித்து, செய்து பார்த்து, தவறினால் திருத்திக்கொள்ளும் பழக்கம் பரீட்சை மண்டபத்துக்கும் கடைத்தெருவுக்கும் அவன் கூடவே போகும். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இப்போதே கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.