ஈரத் துணியும் உறைந்த பாட்டிலும்

சொந்தத் தேவைக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்க வழிவிடும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டார். அப்படித் தயாரிப்பவர்களுக்குக் கோடை வந்தால் பெரிய கவலை, சூடு.

மால்ட் கரைசலில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாக மாற்றும்போது வெப்பமும் பிறக்கிறது. நொதித்தல் மும்முரமாகும் நாள்களில் கலனுக்குள் அறையைவிடச் சில டிகிரி சூடு கூடிவிடும். 'ஏல்' வகை பீருக்கான ஈஸ்டுகளில் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் தோதானது. அதைவிட மிகவும் எகிறினால் தொண்டையைக் காந்தும் வேறு ஆல்ககால்கள் உருவாகி, சுவையே கெட்டுப்போகும்.

இதற்குத் தனி ஃபிரிட்ஜ் வாங்க வேண்டியதில்லை. அகலமான தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் கலனை இறக்கி, அதற்கு ஒரு பழைய டி-ஷர்ட்டை மாட்டுகிறார்கள். துணியின் ஓரம் நீரில் முங்கியிருக்க வேண்டும். எதிரே ஒரு மேசை மின்விசிறி. துணி நீரை உறிஞ்சி மேலேற்ற, காற்று அதை ஆவியாக்க, மண்பானைத் தண்ணீர் போலக் கலன் குளிர்கிறது.

காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் இது அவ்வளவாக எடுபடாது. அங்கே கைகொடுப்பவை, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது இழுக்கும் வெப்பம், 20 லிட்டர் பீரைச் சுமார் 4 டிகிரி குளிர்விக்கப் போதும். ஆகவே பாட்டில்களை மொத்தமாகத் தொட்டி நீரில் போட்டுவிடக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்துவிடும். கலனில் ஒட்டிய வெப்பமானிப் பட்டையைப் பார்த்து, ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது. முதல் சில நாள்கள்தான் இந்தக் கவனிப்பு. பிறகு ஈஸ்டின் வேகம் தணிய, சூடும் தானாக இறங்கிவிடும்.