படம் வரைந்தால் மனசு தேறுமா?



ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்டு முடிந்து புருஷன் வீடு திரும்புகிறார். பிள்ளை பெற்று இரண்டு மாதமான மனைவி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன புள்ள, ஒரு மாதிரியா இருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அவள் எதையும் ஒளிக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறது என்று சொல்ல அவளுக்கே வார்த்தை கிடைக்கவில்லை.

இப்படிச் சொல்ல வார்த்தை கிடைக்காதவர்களுக்கு மனநல சிகிச்சையில் ஒரு துணை வழி உண்டு. அதன் பெயர் ஓவிய சிகிச்சை. இது டிராயிங் கிளாஸ் அல்ல. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, மார்க்கும் கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் காகிதம், கலர், களிமண் ஆகியவற்றைக் கொடுத்து, மனம் போனபடி செய்யச் சொல்வார். பிறகு அந்தப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவார். தன்னைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கூட, "இந்த வீட்டுக்கு ஏன் கதவு போடலை?" என்று கேட்டால் வீட்டைப் பற்றிப் பேசுவார். பேச்சு அங்கேயிருந்து வளரும்.

இந்தப் பெயர் பிறந்த இடம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் 1938-இல் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தார். அந்த நோயைக் குணப்படுத்த அப்போது மருந்தில்லை, மாதக்கணக்கில் படுக்கைதான். படுத்தபடியே வரைந்தார், மனசு தேறியது. மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். 1942-இல் இதற்கு ஓவிய சிகிச்சை என்று பெயரிட்டார்.

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் பாருங்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் கரையில் பிள்ளைகள் பெற்றோரை இழந்தார்கள். பெரியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். பல பிள்ளைகள் அழக்கூட இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் விளையாட்டு, கதையோடு படம் வரைதலும் இருந்தது. வாயால் சொல்லாத அலையைப் பிள்ளைகள் காகிதத்தில் போட்டார்கள்.

ஆகவே யாருக்கு உதவும் என்றால், முதலில் சாவையோ விபத்தையோ வீட்டுச் சண்டையையோ பார்த்துப் பயந்த பிள்ளைகளுக்கு. பட்டாசு விபத்து நடக்கிற நம் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நாள்பட்ட நோயில் படுத்திருப்பவர், மனச்சோர்வில் இருப்பவர், ஞாபகம் மங்கிய முதியவர், பேச்சு வராத பிள்ளை, இவர்களுக்கும் ஆறுதலாக இருக்கலாம்.

எல்லாருக்கும் எல்லாமும் இதனால் ஆகாது. மனச்சிதைவு நோயுள்ள 417 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆராய்ச்சி செய்து 2012-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருநாள் கூட்டமாக ஓவிய சிகிச்சை கொடுத்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. கூப்பிட்டவர்களில் பலர் வரவே இல்லை. "பையன்தான் படம் வரையுறானே, மாத்திரை எதுக்கு?" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"மார்கழியிலே கோலம் போட்டா எனக்கும்தான் மனசு லேசாகுது, அதுவும் சிகிச்சையா?" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய்மார்கள் கேட்கலாம். நல்லதுதான், ஆனால் சிகிச்சை அல்ல. உட்கார்ந்து கேட்கிற ஆள் அங்கே இல்லையே! ஆனாலும் கோலம் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். தினமும் கோலம் போட்ட மனைவி வாரக்கணக்கில் வாசலை வெறுமனே விட்டால், அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் பிள்ளை படம் போட்டால், "என்னடா இது கிறுக்கல்?" என்று சிரிக்க வேண்டாம். கறுப்புக் கலர் அடித்தால் கெட்ட அறிகுறி என்றும் நினைக்க வேண்டாம். கையில் கிடைத்தது கறுப்பாக இருக்கும்! "இது என்னன்னு எனக்குச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த மனைவிக்கு வருவோம். பிரசவமான சில நாள் அழுகை வருவது சகஜம், தானே தணியும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தாலோ, பிள்ளை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டாலோ, டாக்டரிடம் காட்ட வேண்டும். இது காத்து கருப்பு அல்ல; பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. குணமாகக்கூடியது. "செத்துப்போகலாம் போல இருக்கு" என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னால், அப்போது காகிதமும் கலரும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஓவிய சிகிச்சைக்கென்றே படித்தவர்கள் நம் நாட்டில் குறைவு. பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். அதைத் தேடி அலைவதற்கு முன் மனநல டாக்டரைப் பாருங்கள். வேண்டுமா, வேண்டாமா என்று அவர் சொல்வார். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேளுங்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே கேட்டுவிடலாம். புருஷனும் கூடப் போங்கள்.